பள்ளத்தில் ஒரு குளியலறை

தருமபுரிப் பக்கத்தில் வீடு கட்டும் ஒரு மேஸ்திரியிடம் போய், "எங்கள் வீட்டுப் பேஸ்மெண்டில் ஒரு குளியலறை கட்டித் தர முடியுமா?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் உங்களை ஒரு மாதிரியாகப் பார்ப்பார். அவரைப் பொறுத்தவரை பேஸ்மெண்ட் என்பது, தரைக்கு மேலே இரண்டு அடியோ மூன்று அடியோ கல் வைத்துக் கட்டி, உள்ளே மண் கொட்டி இறுக்கி, அதன்மீது வீட்டுத் தரையைப் போடுகிறாரே, அந்த மேடை. மண் நிரம்பிய மேடைக்குள் குளியலறையை எங்கே கட்டுவது?

ஆங்கில அகராதியிலோ இதே சொல்லுக்குப் பொருள் நேர் எதிர். வீட்டுத் தரைக்குக் கீழே தோண்டிக் கட்டிய அறை, அதாவது நிலவறை. அமெரிக்காவின் வட பகுதியிலும் கனடாவிலும் நிலவறை இல்லாத வீடு குறைவு. அதற்கு ஓர் அறிவியல் காரணம் உண்டு. அங்கே குளிர்காலத்தில் மேல்மண்ணில் உள்ள நீர் உறைந்து பனிக்கட்டியாகிறது. நீர் உறையும்போது அதன் பருமன் ஏறத்தாழ 9 சதவீதம் கூடுகிறது என்று படித்திருப்பீர்கள். அந்த விரிவு அஸ்திவாரத்தையே தூக்கிவிடும். ஆகவே பனி எட்டாத ஆழம்வரை, பல ஊர்களில் ஒரு மீட்டருக்கும் கீழே, அஸ்திவாரத்தைக் கொண்டு போகிறார்கள். இவ்வளவு தோண்டிய பிறகு இன்னும் கொஞ்சம் தோண்டினால் ஒரு முழு அறையே கிடைத்துவிடும் அல்லவா? பிறகு அந்த அறையில் ஒரு குளியலறை சேர்க்கிறார்கள்.

நம் ஊரில் மண் உறைவதில்லை. தோண்டினால் பாறை வேறு தட்டுகிறது. எனவே நம்மவர்கள் கீழே போகாமல் மேலே போனார்கள். மழைநீர் உள்ளே வராது. வீட்டு நீர் தானே வெளியே ஓடிவிடும். எளிய ஏற்பாடு. நல்ல ஏற்பாடும்கூட.

ஆனால் நாம் தேடிப் போகாவிட்டாலும் பள்ளம் நம்மைத் தேடி வருகிறது. பென்னாகரம், பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கங்களில் சரிவான நிலத்தில் வீடு கட்டுகிறவர்கள், முன்புறம் சாலை மட்டத்தில் ஓர் அறையும் பின்புறம் அதற்குக் கீழே ஓர் அறையும் கட்டிக்கொள்கிறார்கள். நகரங்களில் கடைகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் அடித்தளம் தோண்டுகிறார்கள். இவற்றையெல்லாம்விடப் பரவலாக நடப்பது இன்னொன்று: வீடு அப்படியே இருக்க, சாலை உயர்ந்துகொண்டே போவது. பழைய சாலையைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேலேயே புதிய தார்ச்சாலை போட்டால், ஒவ்வொரு தடவையும் சில அங்குலம் ஏறும். உங்கள் தாத்தா வீடு கட்டியபோது மூன்று படி ஏறி உள்ளே போயிருப்பார். இன்று நீங்கள் இரண்டு படி இறங்கி உள்ளே போகிறீர்கள். 2021-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டின் தலைமைச் செயலாளர், பழைய சாலையின் மேற்பரப்பைச் சுரண்டிவிட்டுத்தான் புதியதைப் போட வேண்டும் என்று அதிகாரிகளுக்கு எழுதினார். ஏற்கெனவே தாழ்ந்துவிட்ட வீடுகள் தாழ்ந்தவைதாம்.

இப்படி ஒரு வீட்டில் பாட்டிக்கு முழங்கால் வலி. இரவில் கொல்லைப்புறத்தில் உள்ள கழிப்பறைக்குப் போய்வர முடியவில்லை. வீட்டுக்குள்ளேயே குளியலறையும் கழிப்பறையும் வேண்டும். இருக்கும் இடமோ சாலைக்குக் கீழே. என்ன செய்வது?

வரும் நீர், போகும் நீர்

முதலில் ஒரு கேள்வி. தாழ்ந்த அறைக்குத் தண்ணீர் கொண்டுவருவது கடினமா, அங்கிருந்து தண்ணீரை வெளியேற்றுவது கடினமா?

கொண்டுவருவது மிக எளிது. மாடியில் உள்ள தொட்டிக்கு எவ்வளவு கீழே குழாய் இருக்கிறதோ, அவ்வளவு அழுத்தம் கூடுதல். ஒவ்வொரு 10 மீட்டர் இறக்கத்துக்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் சேரும். ஒரு மீட்டருக்குப் பத்தில் ஒரு பங்கு. பள்ளத்து அறையில் குழாயைத் திறந்தால் மேல் அறையைவிட நீர் வேகமாகவே கொட்டும்.

வெளியேறும் நீருக்கு அந்தச் சலுகை இல்லை. அதன் பின்னால் தொட்டியும் இல்லை, அழுத்தமும் இல்லை. அதை இழுத்துச் செல்ல இருப்பது புவி ஈர்ப்பு விசை ஒன்றுதான். மேஸ்திரிகள் இதை ஒரே சொல்லில் சொல்வார்கள்: "வாட்டம்". தரைக்கு வாட்டம், குழாய்க்கு வாட்டம். 10 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள கழிவுக் குழாய்க்குப் பொதுவாக 40-க்கு 1 என்று வாட்டம் கொடுப்பது வழக்கம். 40 அடி நீளத்துக்கு ஓர் அடி இறக்கம். இதைவிட மிகக் குறைந்தால் நீர் மெதுவாக ஊர்ந்து போகும். கூடவே வரும் கசடு குழாயின் அடியில் தங்கிவிடும். நொடிக்கு 60 சென்டிமீட்டராவது வேகம் இருந்தால்தான் கசடையும் அடித்துச் செல்லும். ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முந்திய மொகஞ்சதாரோவில், குளிக்கும் மேடையைத் தெருப்பக்கச் சுவரை ஒட்டி அமைத்து, தரையைச் சரிவாகப் பாவி, நீரைத் தெருச் சாக்கடைக்கு விட்டிருக்கிறார்கள். அவர்களுக்கும் வாட்டம் தெரிந்திருக்கிறது.

இப்போது உங்களுக்கு ஒரு வேலை. உங்கள் வீட்டில் வாட்டம் கிடைக்குமா என்பதை நீங்களே அளந்துவிடலாம். 10 அல்லது 15 மீட்டர் நீளமுள்ள, உள்ளே பார்க்கக்கூடிய பிளாஸ்டிக் குழாய் ஒன்று போதும். அதில் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்புங்கள். ஒரு முனையைக் குளியலறை வரப்போகும் இடத்தில் நண்பர் பிடித்துக்கொள்ளட்டும். மறுமுனையை நீங்கள் வெளியே, கழிவு நீர் போய்ச் சேரப்போகும் இடத்துக்குக் கொண்டு போங்கள். சுவர் மறைத்தாலும் கவலை இல்லை. குழாய் எப்படி வளைந்து சென்றாலும் இரு முனைகளிலும் நீர் ஒரே மட்டத்தில்தான் நிற்கும். இரண்டு இடத்திலும் தரையிலிருந்து நீர்மட்டம்வரை அளந்து, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால், எந்தத் தரை எவ்வளவு தாழ்வு என்பது தெரிந்துவிடும். மேஸ்திரிகள் டியூப் மட்டம் பார்ப்பது இப்படித்தான். விலை உயர்ந்த கருவிக்கு இது சளைத்ததல்ல.

ஒரு கணக்குப் போடுவோம். வீட்டுத் தரை வெளி நிலத்தைவிட 60 சென்டிமீட்டர் தாழ்வு என்று வைத்துக்கொள்ளுங்கள். கழிப்பறைப் பீங்கானும் அதன் வளைகுழாயும் தரைக்குக் கீழே 45 சென்டிமீட்டர் இடம் எடுக்கும். அங்கிருந்து குழிக்கு 8 மீட்டர் தூரம் என்றால் வாட்டத்துக்கு 20 சென்டிமீட்டர். மூன்றையும் கூட்டினால் 125 சென்டிமீட்டர். அதாவது வெளி நிலத்துக்குக் கீழே ஒன்றேகால் மீட்டர் ஆழத்தில்தான் குழாய் குழிக்குள் நுழையும். குழாய் நுழையும் இடத்துக்குக் கீழேதான் குழிக்குப் பயன்! அதற்கு இன்னும் ஒரு மீட்டர். ஆக, இரண்டேகால் மீட்டர் தோண்ட வேண்டும்.

தஞ்சாவூர் வண்டல் மண்ணாக இருந்தால் மண்வெட்டியே போதும். இங்கே?

பாறையில் தோண்டிய குழி

தருமபுரி மாவட்டத்தின் பெரிய கேணி ஒன்றின் ஓரத்தில் நின்று உள்ளே பாருங்கள். நில அமைப்பைக் கற்பிக்க இதைவிடச் சிறந்த படம் கிடைக்காது. மேலே சிறிது மண். அதன்கீழே உதிர்ந்த, சரளையான பாறை. அதற்கும் கீழே வெடி வைத்துப் பிளந்த கெட்டிப் பாறை. நைஸ், சார்னோகைட் என்னும் பழமையான பாறை வகைகள் இவை. இவற்றின் உடலில் நீர் புகாது. வெடிப்புகளில் மட்டுமே ஓடும்.

கிராமங்களில் இன்று அதிகம் பரிந்துரைக்கப்படும் கழிப்பறை இரட்டைக் குழி வகை. சுமார் ஒரு மீட்டர் ஆழத்தில் இரண்டு குழிகள். துளையுள்ள சிமெண்டு உறை இறக்கியோ, இடைவெளி விட்டுச் செங்கல் கட்டியோ அமைப்பார்கள். நீரும் வாயுவும் மண்ணுக்குள் கசிந்துவிடும். கசடு மட்டும் தங்கும். ஒன்று நிரம்ப ஏறத்தாழ மூன்று ஆண்டு. பிறகு மற்றதற்கு மாற்றிவிட்டு முதலாவதை இரண்டு ஆண்டு மூடி வைத்தால், உள்ளே இருப்பது நாற்றமில்லாத எருவாகிவிடும். பிந்தேஷ்வர் பாடக் 1970-இல் தொடங்கிய சுலப் அமைப்பு இந்த முறையை நாடெங்கும் பரப்பியது. மலத்தைக் கையால் அள்ளும் கொடுமையை ஒழிப்பதுதான் அதன் நோக்கம்.

ஆனால் இந்த முறை முழுவதும் மண்ணின் உறிஞ்சும் தன்மையை நம்பி இருக்கிறது. கெட்டிப் பாறையில் வெட்டிய குழி எதையும் உறிஞ்சாது. அது ஒரு தொட்டி. சீக்கிரம் நிரம்பி வழியும். இது ஒரு தொல்லை. இதைவிடப் பெரிய தொல்லை, பாறையில் வெடிப்பு இருந்தால் வருவது. மண்ணில் கசியும் நீர் மணல் துகள்களின் நுண்ணிய இடைவெளிகளில் மெல்ல நகரும். வழியில் கிருமிகள் வடிகட்டப்பட்டு மடிந்துபோகும். வெடிப்பில் வடிகட்டி ஏது? அழுக்கு நீர் குழாயில் ஓடுவதுபோல ஓடிப் பக்கத்துக் கிணற்றில் கலக்கலாம். குழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் இடையே 10 மீட்டர் இருக்கட்டும் என்று பொதுவாகச் சொல்வது மண்ணை மனத்தில் வைத்துத்தான். வெடித்த பாறைக்கு அந்த 10 மீட்டர் போதும் என்று நம்பிவிடாதீர்கள்.

இந்த மாவட்டத்து நிலத்தடி நீருக்கு ஏற்கெனவே ஒரு குறை உண்டு. பாறைகளில் உள்ள தாதுக்களிலிருந்து ஃபுளூரைடு கரைந்து, பல ஊர்களில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டி நிற்கிறது. பல்லில் கறை, எலும்பில் வலி என்று அவதிப்பட்டவர்கள் ஏராளம். அதற்காகத்தான் ஜப்பானின் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டு, தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீர் வந்தது. ஃபுளூரைடு இயற்கை கொடுத்தது. கிருமியை நாமே சேர்க்க வேண்டாம்.

வழி என்ன? பாறை மேலாகவே தட்டினால் குழியைத் தோண்டாமல் உயர்த்திக் கட்டுவது. குழியின் பாதி நிலத்துக்கு மேலே நிற்கும். சுற்றிலும் மண் அணைப்பார்கள். நிலத்தடி நீர் அருகில் இருந்தாலும், பாறை வெடித்திருந்தாலும், குழியின் அடியை மூடிவிட்டு, சுற்றிலும் அரை மீட்டர் கனத்துக்கு நுண்மணல் நிரப்புவார்கள். கிருமிக்கு நாம் செயற்கையாக ஒரு வடிகட்டி வைக்கிறோம்.

இப்போது சிக்கலைப் பாருங்கள். பாறை, குழியை மேலே ஏற்றச் சொல்கிறது. பள்ளத்து வீடு, குழியைக் கீழே இறக்கச் சொல்கிறது. இரண்டும் ஒன்றாக நடக்காது.

இதற்கு நம்மிடையே ஒரு பழைய தீர்வு உண்டு. சில வீடுகளில் கழிப்பறைக்குள் நுழைய மூன்று படி ஏற வேண்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது அழகுக்காக அல்ல. பீங்கானை 45 சென்டிமீட்டர் உயர்த்தினால், மேலே நாம் போட்ட 125-இல் அவ்வளவும் குறைந்து 80 ஆகிவிடும். ஆனால் பாட்டியின் முழங்காலுக்காகத் தொடங்கிய வேலை பாட்டியையே மூன்று படி ஏறச் சொல்கிறது.

சரிவான நிலத்து வீட்டுக்கு வேறொரு நல்ல வழி இருக்கிறது. பலர் அதைக் கவனிப்பதில்லை. வீடு சாலைக்குக் கீழே இருக்கலாம். ஆனால் சரிவு என்றால் அதற்கும் கீழே ஒரு பக்கம் இருக்க வேண்டுமே! கழிவு நீரைச் சாலைப் பக்கம் கொண்டுபோக ஏன் மல்லுக்கட்ட வேண்டும்? பின்பக்கச் சொந்த நிலத்தில், கிணற்றுக்கு எட்ட, குழியை அமைத்தால் வாட்டம் தானே கிடைக்கும். டியூப் மட்டத்தை எடுத்துக்கொண்டு வீட்டின் நான்கு பக்கமும் சுற்றி வரச் சொல்வது இதற்காகத்தான்.

நீரைத் தூக்குவது

நான்கு பக்கமும் உயரம். வேறு வழியே இல்லை. அப்போது நீரைத் தூக்கத்தான் வேண்டும்.

இது புதிய சங்கதி அல்ல. 1858-ஆம் ஆண்டுக் கோடையில் தேம்ஸ் ஆறு நாறி லண்டன் மக்கள் மூக்கைப் பொத்திக்கொண்ட பிறகு, பேசல்ஜெட் என்ற பொறியாளர் நகரம் முழுவதற்கும் பெரிய சாக்கடைகள் அமைத்தார். வாட்டம் கொடுத்துக்கொண்டே போனால் சாக்கடை ஆழத்துக்குப் போய்க்கொண்டே இருக்கும் அல்லவா? கடைசியில் அது ஆற்று மட்டத்துக்கும் கீழே போய்விட்டது. 1865-இல் கிராஸ்னெஸ் என்னும் இடத்தில் மிகப் பெரிய நீராவி இயந்திரங்களை நிறுவி, அந்தச் சாக்கடை நீரைத் தூக்கினார்கள். சமதளமான சென்னையிலும் இதே கதைதான். கழிவு நீரை ஆங்காங்கே உந்து நிலையங்கள் தூக்கிவிடுகின்றன.

வீட்டளவில் இதையே சின்னதாகச் செய்யலாம். குளியலறை நீரும் கழிப்பறை நீரும் வாட்டத்தில் ஓடி, மூடிய ஒரு சிறிய சம்ப்பில் விழும். அதற்குள் மூழ்கி வேலை செய்யும் கழிவு நீர்ப் பம்பு. நீர் ஏறும்போது மிதவை ஒன்று ஏறி ஸ்விட்சைப் போடும். பம்பு நீரை மேலே தள்ளும். நீர் இறங்கியதும் மிதவை இறங்கி நிறுத்திவிடும். மேலே போன நீர் திரும்பி வராமலிருக்க, ஒரு பக்கமாக மட்டும் திறக்கும் வால்வு வேண்டும். நம் இருதயத்தில் உள்ள வால்வுகள் செய்யும் அதே வேலை.

மின்சாரச் செலவு அதிகமாகுமே என்று நினைக்கிறீர்களா? கணக்குப் போடுவோம். ஒரு நாளைக்கு 200 லிட்டர் நீரை 3 மீட்டர் உயரம் தூக்க வேண்டும் என்றால், செய்ய வேண்டிய வேலை 200 பெருக்கல் 9.8 பெருக்கல் 3. அதாவது 5,880 ஜூல். பம்பு தான் பெறும் ஆற்றலில் நான்கில் ஒரு பங்கைத்தான் பயனாக்குகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். அப்படியும் நாளொன்றுக்கு 23,520 ஜூல்தான். ஒரு யூனிட் மின்சாரம் 36 லட்சம் ஜூல். வகுத்துப் பாருங்கள்: ஒரு யூனிட் 150 நாள்களுக்கு வரும்! அரைக் குதிரைத்திறன் பம்பு நாளுக்கு ஒரு நிமிடம் ஓடினால் போதும். குழாயின் உராய்வைச் சேர்த்தால் சற்றுக் கூடும், அவ்வளவே.

ஆக, செலவாகும் ஆற்றல் அற்பம். அது எந்த நேரத்தில் கிடைக்கிறது என்பதில்தான் தொல்லை. கரண்ட் போன இரவில் பம்பு ஓடாது. நாம் மட்டும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்போம். சம்ப்பை ஒரு நாள் நீர் கொள்ளும் அளவுக்குக் கட்டச் சொல்வது இதனால்தான். தண்ணீரைக் குறைப்பதும் உதவும். பழைய தண்ணீர்த் தொட்டிகள் ஒரு தடவைக்கு 10 லிட்டருக்கு மேல் கொட்டும். கிராமத்து இரட்டைக் குழிக் கழிப்பறையின் செங்குத்தான பீங்கானுக்கு 2 லிட்டரே போதும்.

தெருவில் பாதாளச் சாக்கடை இருந்து அதனோடு நேராக இணைத்திருந்தால் இன்னோர் ஆபத்து. பெருமழையில் சாக்கடை நிரம்புகிறது. ஒன்றோடொன்று இணைந்த குழாய்களில் நீர் ஒரே மட்டத்துக்கு வர முயலும் என்று சற்றுமுன் பார்த்தோமே, அதே விதி இப்போது நமக்கு எதிராக வேலை செய்யும். தெருவுக்குக் கீழே உள்ள மிகத் தாழ்ந்த வாய் எதுவோ, அதன் வழியாகத்தான் சாக்கடை முதலில் பொங்கும். அது உங்கள் பள்ளத்துக் குளியலறை. இங்கும் ஒருபக்க வால்வு இல்லாமல் இணைப்புக் கொடுக்கவே கூடாது.

தரையே மிதக்குமா?

செப்டம்பர், அக்டோபர் மழையில் மேல்மண் வழியாக இறங்கும் நீர், கெட்டிப் பாறையைத் தொட்டதும் மேலே செல்ல வழியின்றி அங்கேயே தேங்கும். பாறையில் வெட்டிய பள்ளத்தில் அறை இருந்தால் அதைச் சுற்றியும் அடியிலும் நீர் நிற்கும். 2 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலமுள்ள குளியலறைத் தரையை எடுத்துக்கொள்ளுங்கள். பரப்பு 3 சதுர மீட்டர். தரையின் அடிமட்டத்துக்கு மேல் அரை மீட்டர் உயரத்துக்கு வெளியே நீர் நின்றால், அது தரையை மேல்நோக்கி 1,500 கிலோகிராம் எடைக்குச் சமமான விசையோடு தள்ளும். 10 சென்டிமீட்டர் கனமுள்ள கான்கிரீட் தரையின் எடை சுமார் 720 கிலோகிராம்தான்! ஆர்க்கிமிடீஸ் வந்து நின்றுவிட்டார். தரை மிதக்காமல் இருப்பது சுவர்கள் அதை அழுத்திப் பிடித்திருப்பதால். பிடி தளர்ந்தால் விரிசல்தான். உள்ளே எத்தனை பூச்சு பூசினாலும், வெளியிலிருந்து தள்ளும் நீர் பூச்சைப் பெயர்த்துவிடும். நீரை வெளியிலேயே, சுவருக்கு மறுபுறம் சரளை நிரப்பிய வாய்க்கால் வழியாக வடித்துவிடுவது பூச்சைவிட நல்லது.

வளைந்த குழாயின் காவல்

கழிப்பறைப் பீங்கானுக்குக் கீழே குழாய் ஏன் வளைந்து போகிறது? நேராகப் போட்டால் செலவு குறையுமே! அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரம் செய்பவர் 1775-இல் தாம் காப்புரிமை பெற்ற கழிப்பறையில் ஆங்கில 'எஸ்' எழுத்துப்போல் வளைந்த குழாயை வைத்தார். வளைவில் எப்போதும் கொஞ்சம் நீர் தங்கும். நீர் போகும், காற்று வராது. ஒரு கதவும் இல்லை, திருகும் இல்லை, சில சென்டிமீட்டர் தண்ணீரே பூட்டு. இப்போது சாதாரணக் கழிப்பறைகளில் இந்த நீர்ப்பூட்டு 5 சென்டிமீட்டர். சிக்கனமான கிராமத்துப் பீங்கானில் 2 சென்டிமீட்டர்.

இந்தப் பூட்டு இரண்டு விதமாக உடையும். ஒரே சமயத்தில் நிறைய நீர் குழாயில் பாய்ந்து போகும்போது, பின்னால் காற்றழுத்தம் குறைந்து, வளைவில் உள்ள நீரையும் சேர்த்து உறிஞ்சி இழுத்துவிடும். சைபன் வேலை செய்வதைப் பார்த்திருந்தால் இது புரியும். அதைத் தடுக்கத்தான் கூரைக்கு மேல்வரை ஒரு காற்றுக் குழாய். இன்னொரு விதம், ஆவியாதல். ஏப்ரல், மே வெயிலில் பல நாள் புழங்காத குளியலறையின் தரைத் துவாரத்தில் நீர் வற்றிவிடும். விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் திரும்பியதும் வீடு நாறினால் பினாயிலைத் தேடாதீர்கள். ஒரு சொம்பு தண்ணீரைத் துவாரத்தில் ஊற்றுங்கள்.

மேல்மாடிக் குளியலறையில் பூட்டு உடைந்தால் நாற்றம் அடிக்கும். சன்னலைத் திறந்தால் போகும். பள்ளத்து அறையில் அப்படி விட முடியாது. கழிவு அழுகும்போது எழும் ஹைட்ரஜன் சல்பைடின் மூலக்கூறு எடை 34. காற்றின் சராசரி 29. கார்பன்-டை-ஆக்சைடு 44. இரண்டும் காற்றைவிடக் கனமானவை. தாழ்ந்த, காற்றோட்டமில்லாத இடத்தில் தேங்கும். பள்ளத்து அறைக்குக் காற்றை வெளியே இழுக்கும் விசிறி கட்டாயம் வேண்டும். அதன் வாயைக் கூரையோரம் மட்டும் வைக்காமல், தரைக்கு அருகிலிருந்தும் ஒரு குழாய் மூலம் இழுப்பது நல்லது.

ஹைட்ரஜன் சல்பைடு அழுகிய முட்டை நாற்றம் உடையது என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். ஆகவே ஆபத்து வந்தால் மூக்கு சொல்லிவிடும் என்று நினைப்போம். அது தவறு. காற்றில் பத்து லட்சத்துக்கு 100 பங்கு என்ற அளவில் அது கூடும்போது மூக்கின் நரம்பே மரத்துப்போகிறது. நாற்றம் நின்றுவிடும், வாயு நின்றிருக்காது. இன்னும் சில மடங்கு கூடினால் சில மூச்சுகளில் மயக்கம், பிறகு மரணம். கிணற்றில் விளக்கை இறக்கிப் பார்ப்பதுபோல இங்கும் பார்க்கலாமா? கூடாது. விளக்கு அணைவது ஆக்சிஜன் குறைவைத்தான் காட்டும். ஆளைக் கொல்லும் அளவு ஹைட்ரஜன் சல்பைடு இருக்கும்போதும் விளக்கு நன்றாகவே எரியும். கூடவே மீத்தேன் இருந்தால் அந்தச் சுடரே வெடிக்கு வித்தாகும்.

செப்டிக் டேங்கில் இறங்கியவர் மயங்கினார், காப்பாற்ற இறங்கியவரும் மாண்டார் என்ற செய்தி தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களில் திரும்பத் திரும்ப வருகிறது. பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் மனிதரை இவற்றுக்குள் இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. இப்படி இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 2023-இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. பெரிய தொட்டிகளில் மட்டும்தான் இப்படி நடக்கும் என்று எண்ண வேண்டாம். ஓர் ஆள் குனிந்து இறங்கும் அளவுள்ள வீட்டுச் சம்ப்பும் போதும்.

பம்பு என்றாவது ஒருநாள் அடைத்துக்கொள்ளும். துணியோ தலைமுடியோ சிக்கும். அப்போது யார் இறங்குவது? கட்டும் நாளிலேயே இதற்கு விடை சொல்லிவிட வேண்டும். சம்ப்பின் மூடியைக் குளியலறைக்குள் வைக்காமல் வெளியே, திறந்த வெளியில் வரும்படி அமைக்கச் சொல்லுங்கள். வெளியேற்றும் குழாயைக் கைக்கு எட்டும் உயரத்தில் கழற்றி மாட்டும்படி இணைத்து, பம்பின் கைப்பிடியில் துருப்பிடிக்காத சங்கிலி ஒன்றைக் கட்டி, அதன் மறுமுனையை மூடிக்கு அருகில் ஒரு கொக்கியில் மாட்டச் சொல்லுங்கள். பழுது வந்தால் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, மேலே நின்றபடியே பம்பைத் தூக்கி எடுத்துவிடலாம்.